மனுவுக்கு ஒரு விரால்

எனக்கு விரால் பிடிக்கத் தெரியும் என்று ஆபீசில் வாயைத் திறந்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. தொண்டாமுத்தூரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், டீ குடிக்கும்போது ஊருக்கு மேற்கே இருக்கிற பள்ளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. புதர் மண்டிப்போன சின்ன ஓடை அது. உள்ளே விரால் இருக்கிறது, ஆனால் ஒருத்தனுக்கும் சிக்குவதில்லை என்றார்கள். "நான் புடிச்சுக் காட்டறேனுங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று எனக்காகத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பிடித்தும் காட்டினேன். பிடித்ததைக் கொண்டுபோய் எங்கள் அதிகாரி லட்சுமணசாமி ஐயா வீட்டில் கொடுத்தேன். சும்மா கொடுக்கவில்லை. என் மனைவிக்குப் பவானியில் டீச்சர் வேலை. நானும் பவானிக்கே மாற்றல் கேட்டு மனு எழுதி வைத்திருந்தேன். ஐயா பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டால்தான் மனு மேலே போகும். மீனைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மே மாசம் லிஸ்ட்டுல உம்பட பேரு இல்லாமப் போயிருமா சாமுவேலு?" என்றார். எனக்கு அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

அது தொண்ணூற்றிரண்டு. அதற்கப்புறம் மூன்று மே மாதம் வந்துவிட்டுப் போனது, வருஷத்துக்கு ஒரு மனுவாகக் கொடுத்தும் என் பேர் மட்டும் வரவில்லை. "மேல நிறுத்திப்போட்டாங்கப்பா" என்பார் ஐயா. மேலே என்றால் யார், எங்கே என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. ஐயாவுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் குழம்பில் விரால் இருக்க வேண்டும். அதற்கு நான் சனிக்கிழமை போய் இடம் பார்த்து, ஞாயிறு விடியும்போது பள்ளத்தில் கிடக்க வேண்டும். பவானிக்குப் போவதற்காக மீன் பிடித்தேன். மீன் பிடித்ததால் பவானிக்குப் போக முடியவில்லை. இதைவிட மடையன் கோயமுத்தூர் ஜில்லாவில் இருக்கிறானா, தெரியவில்லை.

போன மாதம் எப்படியோ இரண்டு நாள் லீவு வாங்கிப் போயிருந்தேன். என் மகள் இனியாவுக்கு நாலு வயது. அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "இந்த மாமா எப்பம்மா போவாங்க?" என்று கேட்டாள். என் மனைவி சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இந்த வருஷ மே மாதம் ஐயாவே கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழம எம்பட மச்சினரு குடும்பத்தோட வாராங்க சாமுவேலு. தாழம்புதரு மடுவுல பெரிசு ஒண்ணு கெடக்குதுன்னு சொன்னியே, அதக் கொண்டாந்துரு. திங்கக்கிழம உம்பட மனுவுல மொதக் கையெழுத்து."

அந்தப் பெரிசை எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். அதற்கும் என்னைத் தெரியும். தை மாதம் ஒரு தடவை தூண்டிலைக் கவ்வி, நைலான் நரம்பை அறுத்துக்கொண்டு போனது. அதிலிருந்து கரையில் என் நிழல் விழுந்தால் போதும், தாழை வேருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தவளையைத் தண்ணீரில் போட்டால் சீண்டாது. ஆனால் விரால் எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பண்ணினாலும் மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும்.

ஞாயிறு விடிகாலை டி.வி.எஸ். ஃபிப்டியைத் தென்னந்தோப்பில் நிறுத்திவிட்டு நடந்தேன். வழியில் யானை லத்தி கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், ஆறியிருந்தது. பள்ளத்துக்குள் நிமிர்ந்து போக முடியாது. உண்ணிமுள் இரண்டு கரையிலிருந்தும் வளைந்து மேலே மூடியிருக்கும். வயிற்றால் ஊர்ந்து போய், மடுவுக்கு மேலே சேற்றில் குப்புறப் படுத்தேன். முள் சட்டையைப் பிடித்துக்கொண்டது. கொசு காதுக்குள் பாடியது. கையை ஆட்டக் கூடாது, இருமக் கூடாது.

முதல் மூச்சுக்கு அது வந்த இடத்தைப் பார்த்துக்கொண்டேன். இரண்டாவதும் அதே இடம். அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஓர் அல்லி இலை கிடந்தது. தவளைக் குஞ்சைத் தூண்டில் முள்ளில் குத்தாமல், நூலால் அதோடு கட்டியிருந்தேன். மூங்கில் கழியை அங்குலம் அங்குலமாக நீட்டி, தவளையை இலைமேல் உட்கார வைத்தேன். மேலே இருந்து விழுகிற தவளையை அது நம்பாது. தானாகக் குதிக்கிற தவளையை நம்பும். தவளை குதிக்க வேண்டும், அதுவும் விரால் மேலே வருகிற நேரத்தில். அதுவரைக்கும் நான் கல்லாகக் கிடக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. முதுகில் வெயில் பொட்டுப் பொட்டாக இறங்கியது. கால் மரத்துவிட்டது. 'கர்த்தாவே, இது ஒன்றுதான், இதற்குமேல் கேட்க மாட்டேன்' என்று ஜெபம் பண்ணினேன். தவளை குதித்தது. தண்ணீர் வாய் பிளந்த மாதிரி இருந்தது, தவளையைக் காணோம். கழி வளைந்தது. வேருக்குள் போக விடாமல் இழுத்துப் பிடித்து, கடைசியில் நானே மடுவுக்குள் விழுந்து, இரண்டு கையாலும் அணைத்துக் கரையில் எறிந்தேன். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம் இருந்தது. சேற்றில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

ஈரச் சாக்கில் சுற்றி ஐயா வீட்டுக்குக் கொண்டுபோனேன். கொல்லைப்புறத்தில் எங்கள் ஆபீஸ் பியூன் தம்பிதுரை மீன் கழுவச் சாம்பலோடு தயாராக உட்கார்ந்திருந்தார். சாக்கைப் பிரித்தால் மீனுக்கு இன்னும் உயிர் இருந்தது.

"இத்தாச் சோடு பெரிசு! இதையுமா புடிச்சுப்போட்டீங்க?" என்றார். "ஏனுங்க சாமுவேலு, நீங்க இப்பிடிப் புடிச்சுட்டே இருந்தா எப்பிடிங்க ஊருக்குப் போவீங்க?"

"நாளைக்குக் கையெழுத்துப் போடறாருங்கண்ணா."

தம்பிதுரை சமையல்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதீங்க. உங்க மனு மூணும் ஐயா பீரோவுலயேதானுங்க கெடக்குது. ஒண்ணுகூட மேல போகலீங்க. போன வாரம் ஹெட்கிளார்க்கு கேட்டதுக்கு, 'அவன அனுப்பிச்சுப்போட்டு மீனுக்கு நான் ஆரப் புடிக்கறது'ன்னாருங்க. நான்தான் காபி குடுத்துட்டு நின்னேன்."

சொல்லிவிட்டு மீனின் தலையைத் துவைகல்லில் ஓங்கி அடித்தார்.

மூன்று வருஷம். மீன் சரியாகப் பிடிக்காமல் இருந்திருந்தால் எப்போதோ என்னைப் பவானிக்குத் தள்ளிவிட்டிருப்பார். உள்ளே போய்க் கேட்டுவிட வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் ஐயா வீட்டு அம்மா வந்து, "சேறும் சகதியுமா நிக்கறீங்களே, கை கால் கழுவுங்க. சாப்புட்டுத்தான் போகோணும்" என்றார். அந்த அம்மாவிடம் எப்படிக் கோபப்படுவது? கழுவினேன்.

உள்ளே விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்த பிறகு, பின்கட்டில் எனக்கும் தம்பிதுரைக்கும் இலை போட்டார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் மனதில் வரிசையாக வைத்துக்கொண்டேன். மகள் கேட்டதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஐயா கை கழுவக் கொல்லைக் குழாய்க்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாமுவேலு, மச்சினரு அசந்துபோயிட்டாரு. உனக்கு ஒரு சேதி. எனக்கு ஆர்டர் வந்துருச்சு. அடுத்த வாரம் ரிலீவ் ஆகறேன். எங்கன்னு நெனைக்கற? பவானி!"

வரிசையாக வைத்திருந்ததெல்லாம் கலைந்துபோய், வேறு ஒன்று வாயில் வந்தது. "அப்ப என்னையும் அங்க கூப்புட்டுக்குங்கய்யா. புண்ணியமாப் போகுங்க."

"அங்க நீ எதுக்குப்பா?" என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். "கூடுதுறை ஆத்துல புடிக்கற மீனு ஊட்டு வாசலுக்கே வருமாம்." துண்டில் கையைத் துடைத்தார். "விசனப்படாத. புதுசா வர்றவரு நல்ல மனுசன். மனுவ அவருகிட்டக் குடு, பாத்துச் செய்வாரு."

தம்பிதுரை தலையைக் குனிந்துகொண்டார். இப்போதாவது கேள் என்று மனது அடித்துக்கொண்டது. பீரோவைப் பற்றிக் கேள், மூன்று வருஷத்தைப் பற்றிக் கேள். ஐயா உள்ளே போகத் திரும்பினார். நான் எச்சில் கையோடு எழுந்து நின்றேன்.

"ஐயா" என்றேன். "அவருக்கு விரால் புடிக்குங்களா?"