கொடியில் கிடக்கும் சட்டை

1

இந்தக் கதை என் நாத்தனார் போனில் சொன்னதிலிருந்து பிறந்தது. "அண்ணி, கொடியில போட்ட அவர் சட்டை பூரா ஈ! இருங்க, லாரி வந்துடுச்சு." போனை வைத்துவிட்டாள். அவளுக்கும் அவள் கணவனுக்கும் கொய்யாத் தோட்டம். எனக்குக் குடும்பக் காதல் கதைகள்தான் தொழில். ஈயில் என்ன காதல் என்கிறீர்களா? இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: மாலைக் காற்றில் கொய்யா மணக்க, அவள்...

(வேண்டாம். மணக்க வேண்டியது கொய்யா அல்ல.)

இரண்டாவது: மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் டப்பா தொங்குகிறது. அதுதான் ஈப்பொறி. உள்ளே மருந்தில் ஊறிய சின்னக் கட்டை. அந்த வாசனைக்குச் சொக்கி ஆண் பழ ஈக்கள் வந்து விழும்.* விழுந்ததைப் பார்த்தால் தோட்டத்தின் நிலவரம் தெரிந்துவிடும். பொறி காலியாக இருந்தால்தான் வியாபாரி காய் ஏற்றுவார்.

*பெண் ஈயின் வாசனை என்று எழுதியிருந்தேன். பூச்சி ஆராய்ச்சி செய்யும் என் தம்பி அந்த வரியை அடித்துவிட்டான்: "அது வெறும் மருந்துதான், அக்கா. எல்லாத்துலயும் காதலைச் சொருகாத."

3

இனி நடப்பது என் கற்பனை.

"பொறியில ஒண்ணுகூட விழலைன்னு வியாபாரிகிட்ட என் வாயால சொல்லிட்டேன். உங்க சட்டையில மட்டும் எதுக்குங்க இவ்வளவு கூட்டம்?"

"ஈக்காவது என்னைப் பிடிச்சிருக்கே."

"சிரிக்காதீங்க. பையில என்ன?"

அவளே கைவிட்டு எடுத்தாள். பொறிகளில் இருக்க வேண்டிய கட்டைகள்.

"கட்டையை எடுத்துட்டா ஈ போயிடுமா? காயில இருக்கற புழு நம்ம பேச்சைக் கேட்குமா?"

"இந்த ஒரு லோடு மட்டும். நீ சொன்னா அவர் நம்புவார், அதான்..."

(இங்கே அவனை வில்லனாக்கி நாலு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன். அவள் சொல்லுக்கு இருக்கும் மதிப்பில் அவனுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையைத்தான் லாரியில் ஏற்றப் பார்த்தான்.)

4

வாசலில் ஹாரன். கதையின் ஒரு முடிவில் அவள் கட்டைகளோடு சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்குகிறாள். லாரி நிறைகிறது. அன்றிலிருந்து அவன் எது சொன்னாலும் ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொள்கிறாள்.

இன்னொன்றில் கட்டைகளைப் பொறிக்குள் திரும்ப வைத்துவிட்டு, "ஒரு டீ குடிச்சிட்டுப் பாருங்களேன்" என்கிறாள் வியாபாரியிடம். டீ ஆறுவதற்குள் ஈக்கள் வந்துவிடும். அது தெரிந்தே, அவள் சொல்லாமலே, கணவன் அடுப்பைப் பற்றவைக்கிறான்.

எனக்கு எது பிடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனாலேயே நான் எழுதப் போவதில்லை. வியாபாரி லாரியிலிருந்து இறங்குகிறார். சட்டை உங்கள் கையில். இந்தப் பக்கம் வாளி, அந்தப் பக்கம் மரம். எதைச் செய்தாலும் கையை நன்றாகக் கழுவுங்கள். அந்த வாசனை சுலபத்தில் போகாது.