ஒத்துப்போகும் விகிதம்

விடைகள் திருத்தும் அந்தக் கூடத்தில் அவளுக்குப் ‘புதுசு’ என்று பெயர். வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பெயர் மட்டும் பழசாகவில்லை. நாற்பது பேர், நாற்பது கணினி, ஆளுக்கு ஆள் நடுவே தலை மறையும் உயரத்தில் தடுப்பு. காலையில் ஒரு வணக்கம், மாலையில் ஒரு ‘வரட்டுமா’. அதோடு சரி. நடுவில் எட்டு மணி நேரம் மவுஸ் சத்தம்தான் பேசும்.

உலகத்தைப் பற்றியும் வேற்று நாட்டு மனிதர்களைப் பற்றியும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் என்ன புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று அறிய ஒரு தேர்வு நடந்திருந்தது. பிள்ளைகள் எழுதியது ஒவ்வொன்றாகத் திரையில் வரும். படித்து, கையேட்டோடு ஒப்பிட்டு, இரண்டோ ஒன்றோ பூஜ்யமோ போட வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விடை. அதில் பத்தில் ஒன்றை அவளுக்குத் தெரியாமல் இன்னொருவரும் திருத்துவார். இரண்டு மதிப்பெண்ணும் எத்தனை முறை ஒத்துப்போகிறது என்று கணினி கணக்கு வைத்திருக்கும். அந்த விகிதம் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் கீழே போனால் வெள்ளிக்கிழமையோடு வேலை முடிந்தது. வேலை போனால் வாடகை அறையும் போகும். அப்புறம் அக்கா வீட்டுக் கூடம்தான், அத்தான் எழுந்து டிவியை அணைக்கும்வரை உட்கார்ந்தே தூங்க வேண்டும்.

திங்கட்கிழமை அவள் விகிதம் எண்பத்தொன்று.

“என்னடி பண்ற அங்க?” என்று மதியம் போனில் அக்கா கேட்டாள். “மார்க் போடறதுல என்ன கஷ்டம்?”

“ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை படிக்கிறேன்க்கா. படிச்சா எல்லாத்துலயும் ஏதோ இருக்கிற மாதிரி தோணுது.”

“அப்ப ஒரு தடவை படி. உன்னை யாரு ஆராய்ச்சி பண்ணச் சொன்னது?”

அந்த வாரம் அவளுக்குக் கொடுத்திருந்த கேள்விக்கு இரண்டே பேர்தான் திருத்துநர்கள். அவளும், அடுத்த தடுப்புக்காரரும். முப்பது வருடம் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியர். பூஜ்யம் போடுவதில் கை தாராளம் என்பதால் கூடமே அவரைப் பூஜ்யம் சார் என்றது. அவருக்கும் அது தெரியும். அவர் விடையைத் திறக்கும் சொடுக்குக்கும் மார்க் போடும் சொடுக்குக்கும் நடுவே எட்டே நொடி. எட்டு நொடியில் ஒரு வரிதான் படிக்க முடியும் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். செவ்வாயிலிருந்து அவளும் முதல் வரியை மட்டும் படித்தாள். ‘சார் என்ன போடுவார்?’ என்று நினைத்து அதையே போட்டாள். புதன் மாலைக்குள் அறுநூறு விடைகள். விகிதம் எண்பத்தெட்டு. மேற்பார்வையாளர் மேடம் போகிறபோக்கில், “பரவாயில்லையே, பிடிச்சிட்டீங்களே!” என்றாள். மூன்று வாரத்தில் யாரோ அவளைப் பார்த்துச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அன்று அறைக்குப் போய் அதைத் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். நினைக்க நினைக்கக் கூசியது.

வியாழக்கிழமை காலை அந்த விடை வந்தது. கேள்வி வழக்கமானதுதான்: வேறு நாட்டிலிருந்து வந்து உங்கள் வகுப்பில் சேர்ந்த மாணவி இடைவேளையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்வீர்கள்? ஏன்?

‘நான் ஒன்றும் செய்ய மாட்டேன்’ என்று தொடங்கியிருந்தது. பூஜ்யம். கை மவுஸுக்குப் போய்விட்டது. ஏனோ கண் கீழே இறங்கியது.

‘முதல் நாள் எல்லோரும் அவளிடம் போவார்கள். உங்கள் ஊர் எப்படி, உங்கள் மொழியில் ஏதாவது சொல் என்பார்கள். பதில் சொல்லிச் சொல்லியே அவள் களைத்துப்போவாள். பதினைந்து நாள் கழித்து ஒருவரும் போக மாட்டார்கள். நான் அன்றைக்குப் போவேன். கணக்கு நோட்டைக் கடன் கேட்பேன். அதைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை போகலாம்.’

அவள் கையேட்டைத் திறக்கவில்லை. இரண்டு போட்டாள்.

அரை மணி நேரத்தில் மேடம் கூப்பிட்டாள். இருவருக்கும் போகும் விடைகளில் அதுவும் ஒன்று. பூஜ்யம் சாரிடமிருந்து பூஜ்யம், இவளிடமிருந்து இரண்டு. காலையில் வேறு இரண்டு விடைகளும் ஒத்துப்போகாமல் இடித்திருந்தன. விகிதம் எண்பத்துநான்கு.

“இன்னும் மேல அனுப்பல. கை தவறிடுச்சுன்னு ஒரு வரி எழுதுங்க, மாத்திடறேன். எண்பத்தஞ்சு வந்துடும்” என்றாள் மேடம். கெட்டவள் இல்லை, காகிதத்தையும் பேனாவையும் அவளே நகர்த்தி வைத்தாள்.

“சார் அதை முழுசா படிச்சாரான்னு கேக்கலாமா மேடம்?”

பூஜ்யம் சார் வந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கடைசிவரை படித்தார்.

“நல்ல பிள்ளைதான். ஆனா ‘ஒன்றும் செய்ய மாட்டேன்’னு எழுதினா பூஜ்யம்னு கையேடு சொல்லுதே. நல்ல பிள்ளைக்கெல்லாம் மார்க் போட்டா கையேடு எதுக்கும்மா?”

அவள் பேனாவை எடுத்தாள். ‘கை தவறி’ என்பதுவரை எழுதினாள். அதற்குமேல் ஓடவில்லை.

“இது கை தவறல மேடம். செவ்வாயும் புதனும் போட்டதுதான் தப்பு. அந்த அறுநூறையும் நான் படிக்கல. சார் என்ன போடுவாரோ அதைப் போட்டேன்.”

மேடம் எழுந்து கதவைச் சாத்தினாள். “இதை நீங்க சொல்லியே இருக்க வேண்டாமே” என்றாள் மெதுவாக. “எண்பத்தெட்டுல யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.”

“அப்ப மறுபடி திருத்த அந்த அறுநூறும் யார் தலையில விழும்?” என்றார் பூஜ்யம் சார். “வரிசைக்குப் போகும். உங்களுக்கும் வரும்” என்றாள் மேடம். “ஏம்மா, என்மேல உனக்கு என்ன கோபம்?” என்று அவர் இவள் பக்கம் திரும்பினார். அப்புறம் குரல் இறங்கியது. “முப்பது வருஷத்துல என்னைப் பார்த்து யாரும் ஒண்ணும் கத்துக்கிட்டதில்ல. கத்துக்கிட்டவ நீ ஒருத்திதான். அதுவும் இதையா?”

சிரிக்கத்தான் சொன்னார். மூன்று பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைவரைகூட வைத்துக்கொள்ளவில்லை, பத்து நிமிடத்தில் அவள் கணினிக் கணக்கை மூடி அனுப்பிவிட்டார்கள். பையை எடுத்துக்கொண்டு தடுப்புகளின் நடுவே நடந்தபோது ஒரு தலைகூட நிமிரவில்லை. அவர்கள்மேல் அவளுக்கு வருத்தமில்லை. எட்டு நொடி பொல்லாதது.

பேருந்து நிறுத்தத்தில் வெயில். அக்காவை அழைத்தாள்.

“நீயா போய் ஏன்டி சொன்னே? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?”

“இருந்திருக்கலாம்க்கா.”

“அந்தப் பிள்ளைக்குப் போட்ட மார்க்காவது நின்னுச்சா?”

“தெரியல. நான் போட்டதெல்லாம் அழிஞ்சு, மறுபடி வரிசைக்குப் போயிடுமாம். யாருக்கு வரும்னு தெரியாது.”

“சரி, பெட்டியைக் கட்டு. அத்தான்கிட்ட நான் சொல்லிக்கறேன்.”

பேருந்து வந்தது, கூட்டமே இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. அந்த அறுநூறில் இன்னும் எத்தனை பேர் இரண்டாவது வரியில் எதையோ எழுதி வைத்திருந்தார்களோ. கூடத்தில் இந்நேரம் யாரோ ஒருவர் திரையில் ‘நான் ஒன்றும் செய்ய மாட்டேன்’ வந்து நிற்கலாம். அவர் கை மவுஸை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம்.