பச்சைக் கட்டம் போட்ட சட்டை

பல்கலைக்கழகத்தில் தன்னோடு ஆராய்ச்சி செய்த பெண் கொலையான வழக்கில், தம்பியை இரண்டு நாள் துருவித் துருவி விசாரித்துவிட்டுப் போலீஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இணையம்தான் விடுவதாக இல்லை. முன்பின் தெரியாதவர்களெல்லாம் புகைப்படத்தில் அவன் கண்ணைப் பார்த்தே கொலைகாரன் என்று தீர்ப்பு எழுதினார்கள். தையல்காரியான அக்கா பொய்ப்பெயரில் அந்த விவாதங்களுக்குள் நுழைந்து, ஒருவர் விடாமல் எல்லோரோடும் மல்லுக்கு நின்றாள்.

மூன்றாம் நாள் மதியம் யாரோ ஒரு படம் போட்டார்கள். கொலை நடந்த மாலையில் பல்கலைக்கழக வாசலில் எடுத்தது. தூரத்தில் ஒருவன் முதுகு காட்டி நடந்துபோகிறான். ‘இது அவன்தானா?’ என்று கேட்டிருந்தார்கள். முகம் தெரியாவிட்டாலும் பச்சைக் கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. துணி போதாமல், தோளில் மட்டும் கட்டங்களைக் குறுக்காகத் திருப்பி வைத்துத் தம்பிக்காக அவளே தைத்த சட்டை. அன்று முழுக்க விடுதி அறையில் தூங்கியதாகத்தான் தம்பி சொல்லியிருந்தான்.

அவள் உள்ளே போய் அவன் அலமாரியைத் துழாவினாள். சட்டை இல்லை.

“என்னக்கா தேடுற?” தம்பி கதவருகே நின்றிருந்தான்.

“கிழிஞ்சது ஏதாவது இருந்தா தைச்சு வைக்கலாம்னு பார்த்தேன்டா.”

“அந்தப் பச்சைச் சட்டைய யாருக்கோ குடுத்துட்டேன்கா.”

அவள் பச்சை என்ற பேச்சையே எடுத்திருக்கவில்லை.

“சரி, கை கழுவிட்டுச் சாப்பிட வா,” என்றாள்.

குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும், செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கிக் காவல் நிலையத்தை நோக்கி நடந்தாள். “அக்கா, எங்க போற?” என்ற குரல் பின்னால் நெருங்கிக்கொண்டே வந்தது. அவள் திரும்பாமல் ஓடத் தொடங்கினாள்.