நெரெய்டாவின் மேசையில் கடல்

1994 ஆகஸ்டில், கியூபாவின் கார்தெனாஸ் ஊரில், நெரெய்டா பழுதுபார்க்கத் திறந்த ஒரு கார்புரேட்டருக்குள் கடல் இருந்தது. 1951ஆம் வருடத்து ஷெவர்லே காரினுடையது. எரிபொருள் தேங்கும் கிண்ணத்தில் அரை டம்ளர் உப்புத் தண்ணீர், அதில் அலை. கொட்டினாள், கண்ணெதிரே மறுபடி நிறைந்தது. அதைக் கொண்டுவந்த எவேலியோ மண்ணெண்ணெயில் கல்யாண வண்டி ஓட்டுகிறவன். கடலைப் பற்றி ஒன்றும் கேட்காமல், சனிக்கிழமைக்குள் முடியுமா என்று மட்டும் கேட்டான்.

கிண்ணத்தில் மிதவை, அதாவது உள்ளே காற்றடைத்த சின்னப் பித்தளை டப்பா, ஒரு பக்கமாகச் சாய்ந்து முங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் கடுகளவில் நான்கு பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் சிவப்புச் சட்டை.

"அக்கா, நம்ம யோஸ்பெல் சட்டை மாதிரி இருக்கே" என்றான் எவேலியோ.

நெரெய்டா கிண்ணத்தின் மேல் குனிந்தாள். அவள் மகன் யோஸ்பெல் இரண்டு நாளைக்கு முன்புதான் டிராக்டர் டியூப்களைப் பலகையோடு கட்டி, மூன்று கூட்டாளிகளோடு வடக்கே அமெரிக்காவை நோக்கிக் கடலில் போயிருந்தான். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியைத் தேடினாள், அது பின்னாலேயே இருந்தது.

மிதவையில் விழுந்த ஓட்டையை அடைக்க வேண்டுமானால் தண்ணீரிலிருந்து தூக்கித்தான் ஆக வேண்டும். இடுக்கியால் மட்டம் பிசகாமல் தூக்கினாள். உள்ளே புகுந்த தண்ணீர் அடியிலிருந்த ஊசித் துளை வழியே சொட்டி முடியும்வரை அவள் இமைக்கவில்லை.

"ஈயத்தைத் தாராளமா வைங்கக்கா, கெட்டியா நிக்கும்."

"கூட வச்சா கனத்துலயே முங்கிடும்டா. பேசாம கண்ணாடியைக் கீழ பிடி. கை ஆடக் கூடாது."

கண்ணாடியில் பார்த்தபடியே கீழிருந்து அரை அரிசி அளவு ஈயத்தை உருக்கி வைத்து, ஆறவிட்டு, மறுபடி இறக்கினாள். மிதவை நின்றது. கிண்ணத்தை மேசையிலிருந்து அசைக்க விடவில்லை; எவேலியோவின் வண்டிக்காகக் காத்திருந்த கல்யாணம் ஒரு வாரம் தள்ளிப்போனது. நான்காம் நாள் கிண்ணம் வற்றி, மிதவை காலியாகி, அடியில் கொஞ்சம் மணல் கிடந்தது. கழுவி, காரில் மாட்டிக் கொடுத்தாள்.

ஒன்பதாம் நாள் பக்கத்து வீட்டுக்கு மயாமியிலிருந்து போன் வந்தது. "அம்மா, முங்கப் போனோம். திடீர்னு தெப்பம் கால் மணி நேரம் அந்தரத்துல நின்னுச்சு. அடியில ஒரே சூடு. சொன்னா இங்க ஒருத்தனும் நம்பல."

"சாப்பிட்டியா?" என்றாள் நெரெய்டா.

அதன் பிறகு, எவேலியோ சொல்லிக் கேட்டு, பிள்ளைகள் கடலில் போன தாய்மார்கள் கொல்லையில் கிடந்த கார்புரேட்டர்களைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஓட்டை இருந்தால் அடைத்தாள். சிலவற்றில் கடல் இருந்தது, மிதவையின் மேல் யாரும் இல்லை. அப்போதெல்லாம் சட்டென்று மூடி, "ஒண்ணுமில்ல, உள்ள பெட்ரோல்தான் இருக்கு" என்பாள். அந்த வருடம் கார்தெனாஸில் பெட்ரோல் மருந்துக்குக்கூடக் கிடையாது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டு, கார்புரேட்டரை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள்.