நாற்பத்தொன்றாம் பக்கத்து டப்பாக்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதுக்கோட்டைப் பழைய பேப்பர் கடையொன்றில் ஓர் ஆய்வேட்டை எடைக்கு வாங்கினேன். ஆலங்குடிப் பக்கத்து வீடுகளில் என்ன வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று ஒரு காமர்ஸ் லெக்சரர் 1964-இல் எழுதியது. நாற்பத்தொன்றாம் பக்க ஓரத்தில் பென்சிலால் ‘காலி’ என்று ஒரே ஒரு சொல். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு, அவர் பெயர் ஆதப்பன் என்பது உட்பட.

2

‘ஆதப்பன் மனசாட்சி இல்லாத...’

(அடித்துவிட்டேன். அப்படிப்பட்டவராக இருந்திருந்தால் எழுதுவது சுலபம்.)

ஆதப்பன் வெயில் பாராமல் இருநூறு வீடு ஏறி இறங்கியவர். கூலிக்குக் கடலை பறிக்கிறவர்களின் குடிசைகளில்கூடக் குழந்தைக்கான பால் பவுடர் டப்பாவைக் கண்டார். ‘உண்டு’ என்று குறித்துக்கொண்டார். ஒரு டப்பாவையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பிறர் வீட்டுப் பண்டத்தைத் தொடக்கூடாது என்று வளர்த்திருந்தார்கள், பாவம். ‘ஏழைகளும் விரும்பி வாங்குகிறார்கள்’ என்று ஒரு மாநாட்டில் கட்டுரை வாசித்தார். கைதட்டினார்கள்.

(அடிக்குறிப்பு: செட்டியார் வீடுகளில் கழித்துப்போட்ட டப்பாக்களை வேலைக்குப் போகும் பெண்கள் கழுவி எடுத்து வருவார்கள். பிள்ளை பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி வைப்பார்கள். செட்டியார் வீட்டில் பிறந்த ஆதப்பனுக்கு இது எப்படித் தெரியும்?)

கட்டுரையைப் படித்த ஒரு பால் பவுடர் கம்பெனி, விற்பதற்கு ஆலங்குடிக்கு வேன் அனுப்பியது.

3

(இதை எழுதாமல் மூன்று நாள் சாக்குச் சொல்லித் திரிந்தேன்.)

டாக்டர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வுக்கு நாலு நாள் முன்பு, விவரம் சரிபார்க்க ஆதப்பன் மறுபடி ஆலங்குடிக்கு பஸ் ஏறினார். முதலில் போன வீடு கடலை பறிக்கும் சந்தனத்தினுடையது.

“இந்த டப்பா எப்ப வாங்குனது, ஆத்தா?”

“போன தையிலங்கய்யா. முன்ன நீங்க பாத்தது காலி டப்பா. சும்மா பகுமானத்துக்கு வச்சிருந்தேன். இது காசு குடுத்து வாங்குனது. எல்லா வீட்டுலயும் இதத்தான் குடுக்குறாக, காலேஜு சாரே எழுதியிருக்காருன்னு வேன்காரவுக சொன்னாக. தாய்ப்பால நிப்பாட்டிட்டேன்.”

“பிள்ள எங்க?”

“ஒரு டப்பாவ ரெண்டு மாசம் ஓட்டணுமில்லீங்களா. தண்ணிய ஊத்திக்கிட்டே வந்தேன். பங்குனியில போயிருச்சு.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் ஆதப்பன் தாங்கியிருப்பார். இல்லை.

“நீங்க எழுதுனதுல தப்பிருக்காதுங்கய்யா. நாந்தான் கரைக்கத் தெரியாமக் கரைச்சுட்டேன், இல்லீங்களா?”

4

முடிவு ஒன்று: ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். ஏழு வருட உழைப்பும் வரவிருந்த புரொபசர் பதவியும் போகின்றன. இதை எழுதத்தான் எனக்கு ஆசை. ஆனால் என் கையிலுள்ள பிரதியில் பல்கலைக்கழக முத்திரை இருக்கிறது.

முடிவு இரண்டு: திரும்பும் பஸ்ஸில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பிரிக்கிறார். சட்டைப்பையில் பேனா இருக்க, அழிக்க முடிகிற பென்சிலைத் தேடி...

(போதும்.)

பட்டம் வாங்கினார் என்பது தெரிந்துவிட்டது. சந்தனத்திடம் என்ன சொன்னார் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. அவள் இன்னும் அவர் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறாள். ‘ஆமாம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரு சொல் போதும். நான் எழுதமாட்டேன். நீங்களே அவளிடம் சொல்லுங்கள்.