சாவியைக் காணோம்

யாருக்காகவும் காத்திருக்காத முதல் மனிதன் நான்தான். மனிதகுல வரலாற்றில் எனக்கு முன்னால் இன்னொருவன் இருந்திருந்தால் சொல்லுங்கள், ஒதுங்கிக்கொள்கிறேன். பஸ் வரவில்லையா, நடந்துவிடுவேன். நண்பன் படத்துக்கு வரத் தாமதமானால் அவன் சீட்டில் என் பையை உட்காரவைத்து நான் பார்த்துவிட்டு வருவேன். ஒருத்தி "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள். அவள் யோசித்து முடிப்பதற்குள் நானே வேண்டாமென்று சொல்லிவிட்டேன். 'காத்திருப்பு ஒரு தொற்றுநோய்' என்று கல்லூரிப் பத்திரிகையில் நான் எழுதிய கட்டுரையைப் பாராட்ட முதல்வர் கூப்பிட்டு அனுப்பினார். வெளியே கொஞ்சம் உட்காரச் சொன்னார்கள். வந்துவிட்டேன்.

இந்த மேதைமைக்குக் காரணம் என் அம்மா.

அம்மா தலைமையாசிரியை. ஊருக்கே 'பெரிய டீச்சர்'. பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைகளையும் யாராவது வந்து கூட்டிப் போவார்கள். தினமும் ஒன்று மட்டும் மிஞ்சும். வாசலையே பார்த்துக்கொண்டு நின்று, மெல்ல உதட்டைப் பிதுக்கத் தொடங்கும். அந்த நொடியில் அம்மா தன் கைப்பையைத் தரையில் கவிழ்ப்பாள்.

"ஐயையோ, சாவியைக் காணோமே! நீ கொஞ்சம் தேடிக் குடேன் கண்ணு. நீ இல்லைன்னா நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?"

அவ்வளவுதான். பிதுங்கின உதடு உள்ளே போய்விடும். பிள்ளை பூந்தொட்டிக்குப் பின்னால், பெஞ்சுக்கு அடியில், செருப்புகளுக்குள் எல்லாம் கையை விட்டுத் தேடும். அம்மாவும் கூடவே குனிந்து தேடுவாள். கடைசியில் அப்பன்காரன் வியர்க்க விறுவிறுக்க வண்டியில் வந்து இறங்குவான். சாவியும் அப்போதுதான் கிடைக்கும். "உங்க பொண்ணு இல்லைன்னா இன்னிக்கு என் கதி அதோகதிதான்" என்று அவனுக்கு நன்றி வேறு.

உலகத்தின் மட்டமான நாடகம் அது. சாவிக்கொத்து முழு நேரமும் அவள் இடுப்பில்தான் செருகியிருக்கும்.

நானும் அங்கேதான் படித்தேன். மிஞ்சின பிள்ளையும் போன பிறகு மிஞ்சுகிற பிள்ளை நான். அந்தச் சாவியை நானும் வருஷக்கணக்கில் தேடியிருக்கிறேன். ஒருநாள் அவள் குனிந்தபோது இடுப்பில் பார்த்துவிட்டேன்.

"ஏம்மா பொய் சொல்ற?"

"சும்மா நில்லுன்னு சொன்னா, தன்னைக் கூட்டிட்டுப் போக யாரும் வரலைன்னு குழந்தைக்குத் தெரிஞ்சிடும்டா. தேடச் சொன்னா தெரியாது."

"எனக்குத் தெரிஞ்சிடுச்சே?"

"நீ என் பிள்ளை. உனக்குத் தெரியலாம்."

அந்தச் சலுகைக்காக அவளை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. எனக்குக் காய்ச்சலென்றாலும் அவள் பள்ளி வாசலில் நிற்பாள், யாரோ ஒருவனுடைய பிள்ளைக்காக. அப்பாவின் தட்டு ஆறிப்போகும். ஒரு நாள் நான் கத்தியே விட்டேன்: "ஒரு பிள்ளைக்காக ஸ்கூலையே திறந்து வச்சிட்டு நிக்கிறியே, இது உனக்கே பைத்தியக்காரத்தனமா தெரியலையா?" அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தாலாவது பரவாயில்லை.

போன மாதம் பள்ளிக்கூடத்திலேயே, தன் நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தாள். துக்கம் விசாரிக்க வந்த கூட்டம் தெருவை அடைத்தது. ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க எல்லாருக்கும் அவங்கதான் தம்பி அம்மா" என்றார்கள். எனக்கு யாரென்று கேட்க நினைத்தேன். நாகரிகம் கருதிக் கேட்கவில்லை.

அத்தனை பிள்ளைகள் இருந்தும் அப்பாவுக்குச் சட்டை இல்லை. பீரோ சாவி அந்தக் கொத்தில் இருந்தது, கொத்து பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டது. மனிதர் கொடியில் கிடந்த இரண்டே சட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஆபீஸ் போகிறார். ஒன்றில் காலர் கிழிந்துவிட்டது.

"பூட்டை உடைச்சிடலாம்ப்பா."

"வேணாம்டா. அவ கேப்பா."

அதற்கு மேல் என்ன பேசுவது? சாவியை வாங்கிவரக் கிளம்பினேன்.

தாளாளர் அறையில் அம்மாவின் மார்பளவு சிலை தயாராக இருந்தது. மூக்கு தாளாளருடையது. பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட்டின் மேல் எங்கள் வீட்டுச் சாவிக்கொத்து. 'அறிவின் கதவுகளைத் திறந்தவர்' என்று பித்தளைத் தகடு.

"வாங்க தம்பி. அம்மா சாதாரண மனுஷியா? தெய்வம்!"

"தெய்வத்தோட பீரோ சாவி வேணும் சார்."

"அது இப்போ பள்ளியோட சொத்து தம்பி. அடுத்த வாரம் சிலை திறப்பு. வேணும்னா ஒரு டூப்ளிகேட் போட்டுக்கங்க."

"டூப்ளிகேட்டை நீங்க வெல்வெட்ல வைங்க சார். பார்க்க வர்றவங்க யாரும் பீரோவைத் திறந்து பார்க்கப் போறதில்ல."

"உங்க துக்கம் எனக்குப் புரியுது" என்றார். புரிந்தவர் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை.

பள்ளி விடும் மணி அடித்தது. தாளாளர் ஜன்னல் வழியே பெருமையாகப் பார்த்தார். "இப்பல்லாம் மணி அடிச்சுக் கொஞ்ச நேரத்துல கேட்டைப் பூட்டிடறோம். யாரும் கூப்பிட வரலையா, பிள்ளை வெளியே நிக்கட்டும். பெத்தவங்களுக்குப் பொறுப்பு வரணும் பாருங்க. அம்மா காலத்துல ஒழுங்குன்னு ஒண்ணு இருந்துச்சா? தப்பா நினைக்காதீங்க. ஒரு பிள்ளைக்காக ஸ்கூலையே திறந்து வச்சிட்டு நிப்பாங்க. பைத்தியக்காரத்தனம்!"

என் வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. ஆனால் அம்மாவைத் திட்டும் உரிமை அதுவரை எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது. அதை யாருக்கும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. காதெல்லாம் சுட்டது. அவள் நின்ற வாசலைப் பூட்டிவிட்டு, அவள் சாவிக்கு வெல்வெட் விரித்திருக்கிறான் மனுஷன்!

சாவி வைத்த பெட்டிக்குப் பூட்டுப் போட ஒருவருக்கும் தோன்றவில்லை. மூடியைத் தூக்கினேன். கொத்தை எடுத்தேன்.

"தம்பி! இது திருட்டு! போலீஸைக் கூப்பிடுவேன்!"

"தாராளமா. ஆனா அவங்க வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது சார்."

நான் வெளியே வந்ததும் காவலாளி எனக்குப் பின்னால் கேட்டைப் பூட்டினார்.

நடைபாதையில் ஒரு சின்னப் பெண். தன்னைவிடப் பெரிய பையை மாட்டிக்கொண்டு நின்றாள். லாரி ஒன்று புழுதியை அவள்மேல் வாரி இறைத்துவிட்டுப் போனது.

"பாப்பா, ஓரமா நில்லு" என்றார் காவலாளி கம்பிக்கு உள்ளிருந்து. என்னிடம், "ரூல்ஸ் தம்பி. நான் என்ன பண்ணட்டும்?"

நான் அவளைத் தாண்டி நடந்தேன். யார் வீட்டுப் பிள்ளையோ. எனக்கு வேலை இருந்தது. அப்பாவுக்குச் சட்டை எடுக்க வேண்டும். என் பஸ்ஸும் நல்ல நேரம் பார்த்து வந்து நின்றது. படியில் கால் வைத்தேன். ஏன்தான் திரும்பிப் பார்த்தேனோ.

உதட்டைப் பிதுக்க ஆரம்பித்திருந்தாள்.

"ஏறுறியா இல்லையாப்பா?" என்றார் கண்டக்டர். பஸ் போய்விட்டது. காவலாளிக்கு நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, என் கல்லூரிப் பையை நடைபாதையில் கவிழ்த்தேன்.

"அடடா, சாவியைக் காணோமே."

அவள் எட்டிப் பார்த்தாள். "என்ன சாவி?"

"பீரோ சாவி. அது இல்லாம எங்கப்பாவுக்குப் போட்டுக்கச் சட்டையே இல்ல."

"சட்டையே போடாமயா இருக்காரு?" முகம் மலர்ந்துவிட்டது. பையைக் கழற்றி என் காலடியில் வைத்தாள். "நீங்க சரியாத் தேடியிருக்க மாட்டீங்க. அந்தப் பக்கம் பாருங்க, நான் இந்த மரத்துக்கிட்ட பாக்கிறேன்."

பாக்கெட்டிலிருந்த கொத்து சத்தம் போடாமல் ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவள் காட்டிய பக்கம் குனிந்து தேடினேன்.