மூன்றாவது கட்டத்தில் ஒன்று கூடுதல்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளை மீன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு மீனைக்கூட விற்றதில்லை, பாவம். சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள், விரல் நீளத்துக்கு மீன்கள், ஓயாமல் முனகும் மோட்டார், தண்ணீர் வழியாக வந்து அவள் கைமேல் ஆடும் வெளிச்சம். உள்ளே போய்விட்டால் காலையா மாலையா என்பதே மறந்துபோகும்.

மூன்று நாள் வயது மீன் கருக்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது அவள் வேலை. ஒளி ஊடுருவும் உடம்பு. கண் உருவாவது அப்படியே தெரியும். முதலில் ஒரு சின்னக் கிண்ணம். அதன் அடியில் ஒரு பிளவு. சொன்ன நாளில் அது மூடிக்கொள்ள வேண்டும். மூடினால் தாளில் முதல் கட்டம், மூடாவிட்டால் இரண்டாவது, கண்ணே வராவிட்டால் மூன்றாவது. எல்லாம் ஒரே ஒரு ஜீன் பண்ணுகிற கூத்து.

அந்தக் கூத்து அவள் வீட்டிலும் உண்டு. அவளுடைய வலது கண்மணி கீழே இறங்கிச் சாவித்துவாரம் போல இருக்கும், பார்வைக்குக் குறையில்லை. அண்ணனுக்கோ இரண்டு கண்ணுமே வரவில்லை. இப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். குழந்தைக்கும் அந்த ஜீன் வந்திருக்கிறதா என்ற பதில் மூன்று நாளாக அவள் கைப்பையில், ஒட்டின கவருக்குள் கிடக்கிறது. "நீ எப்ப சொல்றியோ அப்பப் பிரிப்போம்" என்று கணவன் விட்டுவிட்டான்.

"மீன்காரி, கணக்கு உதைக்குதே. மூணாவது கட்டத்துல ஒண்ணு கூட இருக்கு" என்றார் பேராசிரியை.

கண் வராதவற்றைப் பிரித்துப் போட்ட மூன்றாவது தட்டில் பத்தொன்பது. தாளில் இருபது. ஆறு வருஷமாக ஒரு தடவைகூடத் தப்பாத கை! எதைச் சேர்த்து எண்ணினோம் என்று உறைத்ததும் அந்தக் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

சாயங்காலம் வீட்டில் அண்ணன் துவைத்த காலுறைகளைத் தடவித் தடவி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"அப்போ எனக்குத் துணைக்கு ஆள் வருதுன்னு சொல்லு" என்று சிரித்தான். "ஆமா, அந்த மூணாவது தட்டை என்ன பண்ணுவீங்க?"

அவனிடம் பொய் சொல்லி அவள் ஜெயித்ததே இல்லை. "எண்ணி முடிச்சதும் கொட்டிடுவோம்."

அவன் கையில் காலுறை அப்படியே நின்றது.

"பயமா இருக்குண்ணா" என்று அவள் உடைந்து அழுதாள். "உன்ன மாதிரி பிறந்துடுமோன்னு பயமா இருக்கு. அதை உங்கிட்டயே வந்து சொல்றேன் பாரு, என்ன ஜென்மம் நான்!"

"அம்மாவும் பயந்தாங்களாம். அப்புறம் எங்க, என்னைத் திட்டவே அவங்களுக்கு நேரம் பத்தல. அந்தக் கவரைக் கொடு."

வாங்கிப் பிரித்தே விட்டான். தாளை மடியில் விரித்து, மேலிருந்து கீழே விரல்களால் பொறுமையாகத் தடவினான். திருப்பிப் போட்டும் தடவினான்.

"ஒண்ணுமே எழுதலையேடி."

அழுகை பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது அவளுக்கு. அவன் தாளை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"பிறக்கட்டும். நானே தொட்டுப் பாத்துச் சொல்றேன், யாரு மாதிரின்னு."

அவள் தாளைத் திருப்பிக் கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மிச்சக் காலுறைகளை எடுத்துக் கொடுத்தாள்.